தோப்பும்படி வரை வராத உரிமை

மாநில எல்லையெல்லாம் நலத்திட்டங்களுக்குப் பழங்கதை, ஆதாரும் ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டையும் வந்துவிட்டன, குடிமகன் எங்கே போனாலும் உரிமை கூடவே போகும் என்று மேடைகளில் அடிக்கடி சொல்கிறார்கள். சொல்பவர்கள் ஒருமுறை கொச்சியில் தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தை எட்டிப் பார்க்கலாம். அங்கிருந்து ஆழ்கடலுக்குப் போகும் படகுகளில் பல, கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைக்காரர்களுடையவை. டீசலும் ஐஸும் அங்கேதான் ஏற்றுகிறார்கள். மீனும் அங்கேதான் ஏலம் போகிறது.

முதலில் ரேஷன். திட்டம் நடக்கிறது, அதை மறுக்கவில்லை. தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. 2021 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களும் ஜூலை 31க்குள் செயல்படுத்த வேண்டும் என்றது. ஆனால் எல்லை தாண்டுவது 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் முன்னுரிமை, அந்தியோதயா அட்டைகள் மட்டும்தான். தமிழ்நாட்டில் முன்னுரிமை இல்லாத அட்டைக்கும் அரிசி உண்டு. அந்தச் செலவு மாநில அரசுடையது, ஆகவே கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டினால் அந்த அரிசி இல்லை. பருப்பும் பாமாயிலும் எந்த அட்டைக்காரருக்கும் கூட வருவதில்லை.

ரேஷன் சின்ன விஷயம் என்பார்கள். சரி, உயிருக்கு வருவோம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது கேரளப் படகும் குமரிப் படகும் ஒரே கடலில்தான் இருந்தன. மாநிலத்தின் மீன்பிடி அதிகாரம் 12 கடல் மைலோடு முடிகிறது. இவர்கள் தொழில் செய்வதோ அதற்கும் வெகு தொலைவில், ஒன்றியத்தின் கடலில். அங்கே செத்தவனுக்கு என்ன விலை என்பதைக் கடலா தீர்மானித்தது? வீட்டு முகவரி தீர்மானித்தது. கேரளம் 20 லட்சம் ரூபாய் அறிவித்தது. தமிழ்நாடு முதலில் சொன்னது அதைவிடக் குறைவு. டிசம்பர் 7 அன்று மீனவக் குடும்பங்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தன; காணாமல் போனவர்களைத் தேடு, கேரளம் தருவதைத் தா என்று கேட்டன. எங்களைக் கேரளத்தோடு சேர்த்துவிடுங்கள் என்ற குரல்கூட எழுந்தது. 1956 நவம்பர் 1 அன்று, நீண்ட போராட்டத்துக்குப் பிறகு தமிழ்நாட்டோடு இணைந்த மாவட்டம் இது! சில நாள் கழித்துத்தான் இங்கும் தொகை 20 லட்சமானது. எல்லை பழங்கதை என்றால் ஒரு சாவுக்கு இரண்டு தொகை எப்படி வந்தது?

அடுத்த வாதம்: வந்தவர்களையும் கேரளம் கவனிக்கிறதே? கவனிக்கிறது, பல மாநிலங்களைவிட நன்றாகவே. அதே 2017இல் வெளிமாநிலத் தொழிலாளருக்கு 'ஆவாஸ்' காப்பீடு தொடங்கியது: 15,000 ரூபாய் வரை சிகிச்சை, விபத்தில் இறந்தால் 2 லட்சம். இதை அந்த 20 லட்சத்தோடு ஒப்பிட முடியாது, காப்பீடும் பேரிடர் நிவாரணமும் வேறு வேறு கணக்குதான். ஆனால் ஆவாஸ் வந்தவனுக்கென்று தனியாகப் போட்ட பந்தி. ஜூனில் மழைக்கால இழுவலைத் தடை தொடங்குமுன் வெளிமாநிலப் படகுகள் கேரளக் கரையைவிட்டுப் போக வேண்டும் என்று ஆணை வரும். அந்த நாள்களுக்கான நிவாரணத்தை அவரவர் மாநிலத்தில் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

இதெல்லாம் நிர்வாகக் கோளாறு, செயலி வந்தால் சரியாகிவிடும் என்பதை நான் நம்பவில்லை. அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு பிறந்த இடத்தை வைத்துப் பாகுபாடு கூடாது என்கிறது. வசிக்கும் இடத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் மாநிலங்கள் தங்கள் திட்டங்களை நிற்கவைத்திருக்கின்றன. பணம் தருபவர் வாக்கு இருக்கும் இடத்தைப் பார்த்துத் தருகிறார். தோப்பும்படி கவுன்சிலருக்கு வள்ளவிளைக்காரர் வாக்காளர் அல்ல. வள்ளவிளையில் அவருக்கு வாக்கு உண்டு, ஆனால் தேர்தல் நாளன்று அவர் கடலில் இருக்கிறார். தொலைதூர வாக்கு இயந்திரத்தைக் காட்டத் தேர்தல் ஆணையம் 2023 ஜனவரியில் கட்சிகளை அழைத்தது. எதிர்க்கட்சிகள் ஒப்பவில்லை, அது அப்படியே நின்றது.

உரிமை கூடவே போக வேண்டுமானால் இரண்டு மாநில மீன்வளத் துறைகளும் உட்கார்ந்து, தோப்பும்படியில் மீன் இறக்கும் தொழிலாளியை எந்த நல வாரியம் எந்தச் செலவில் ஏற்பது என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஆதார் எண்ணால் அந்தக் கையெழுத்தைப் போட முடியாது.