எங்களிடம் வாங்கிய கையெழுத்து

டாக்டர் சொன்னதையும் கேட்காமல் நோயாளியைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் என்று எங்களுக்கு ஒரு பெயர். என் தம்பியின் கேஸ் ஷீட்டில் கடைசித் தாளில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஆபத்துகளை எல்லாம் எனக்கு விளக்கிச் சொல்லிவிட்டார்களாம், இனி என்ன நடந்தாலும் ஆஸ்பத்திரி பொறுப்பில்லையாம். கீழே என் கையெழுத்து. நாங்கள் ஏன் போனோம் என்பதற்கு மட்டும் அந்தத் தாளில் ஒரு எழுத்துகூட இல்லை.

நான் சொல்கிறேன். எங்களிடம் பணம் தீர்ந்துபோயிருந்தது.

தம்பி ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் லோடுமேன். ராத்திரியெல்லாம் மூட்டை ஏற்றுகிறவன், விடிந்ததும் இடுப்பு வலிக்கு ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு படுப்பான். வயிற்றில் ஒன்றும் இருக்காது. வருஷக்கணக்காக வெறும் வயிற்றில் விழுந்த அந்த மாத்திரைகள் இரைப்பையைப் புண்ணாக்கி, புண்ணை ஓட்டையாக்கிவிட்டன. நடுராத்திரியில் வயிறு பலகை மாதிரி இறுகி, மூச்சு விடவே முடியாமல் கிடந்தான். அந்த நேரத்தில் எது பக்கத்தில் இருந்ததோ அங்கே கொண்டுபோனோம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அந்த ஆஸ்பத்திரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டா போக முடியும்?

ஆபரேஷன் செய்த சர்ஜனை நான் குறை சொல்லமாட்டேன். தூக்கத்திலிருந்து எழுந்து வந்து, நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புளுக்குக் கீழே வரை திறந்து, ஓட்டையை அடைத்து, உள்ளே கொட்டியிருந்ததையெல்லாம் கழுவி எடுத்தார். அவர் இல்லையென்றால் அன்றைக்கே தம்பி இல்லை. அதற்குப் பிறகு வந்தவர்களைப் பற்றித்தான் பேசுகிறேன்.

ஐ.சி.யூ.வுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியும். காலையில் டாக்டர் வந்து நல்லாயிருக்கார் என்பார். சாயங்காலம் பில் கவுண்டரிலிருந்து ஆள் வரும். அம்மா, அட்வான்ஸ் முடிஞ்சிருச்சு, இன்னிக்கு ராத்திரி மருந்துக்குக் கட்டணும். என் தோடு, அவன் பெண்டாட்டியின் தாலிச் சங்கிலி, மகளிர் குழுக் கடன், மார்க்கெட் முதலாளி கொடுத்த முன்பணம் எல்லாம் போயாயிற்று. அடுத்த நாள் அந்த ஆள் வந்தபோது என்னிடம் சொல்ல எதுவும் இல்லை. சும்மா நின்றேன். அவர் போய் ஒரு இளம் டாக்டரைக் கூட்டிவந்தார். தம்பி வயதுகூட இருக்காது. அவர் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "முடியலைன்னா கையெழுத்துப் போட்டுட்டு ஜி.ஹெச்.சுக்குக் கூட்டிட்டுப் போயிருங்கம்மா. ஆனா நாங்க அனுப்பலை. நீங்களாத்தான் போறீங்க."

நாங்களாகத்தான் போகிறோமாம். மூக்கில் ஒரு டியூப், வயிற்றில் ஒரு டியூப், மூத்திரத்துக்கு ஒரு டியூப் என்று கிடக்கிறவனை எந்த அக்காவாவது தானாகத் தூக்கிக்கொண்டு போவாளா?

இன்னொன்றும் சொல்லவேண்டும். அன்று காலையில் அவன் வயிற்றுக் கட்டு நனைந்திருந்தது. ரத்தமும் இல்லை, சீழும் இல்லை, வெளிர் சிவப்பாகத் தண்ணீர். சிஸ்டர் பஞ்சை மாற்றி வைத்துவிட்டுப் போனார். சாயங்காலம் அரசு ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்த உடனே முகம் மாறிப்போனார். அந்தத் தண்ணீர் உள்தையல் விட்டுக்கொண்டிருப்பதற்கு அடையாளமாம். ஆபரேஷன் முடிந்து ஒரு வாரத்துக்குள் வயிறு திறந்துகொள்ளப்போகிறது என்பதை அதுதான் முதலில் காட்டிக்கொடுக்குமாம். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தம்பி இருமினான், தையல் விட்டது. மறுபடியும் தியேட்டர்.

எல்லா ஆபத்தையும் எனக்கு விளக்கிச் சொன்னதாகத் தாளில் இருக்கிறதே, அந்தத் தண்ணீரைப் பற்றி யார் எனக்குச் சொன்னது? உயிர் போகலாம் என்று மட்டும் சொன்னார்கள். அதைச் சொன்னால் நான் பயந்துபோய் எங்கிருந்தாவது பணம் புரட்டுவேன் என்று நினைத்தார்களோ என்னவோ.

அரசு ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர் என்னிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டார். ஓட்டை எங்கே இருந்தது? எப்படி அடைத்தார்கள்? என்ன ஆன்டிபயாட்டிக் போகிறது, எத்தனை நாளாக? என் கையில் அரைப் பக்கத் துண்டுச் சீட்டுதான் இருந்தது. வயிற்றில் ஆபரேஷன் செய்யப்பட்டது, உறவினர் விருப்பப்படி அழைத்துச் செல்லப்படுகிறார். அவ்வளவுதான். ஆபரேஷன் குறிப்பைக் கேட்டதற்கு, பாக்கியைக் கட்டிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். அறுத்தவருக்கு உள்ளே என்ன இருந்தது என்று தெரியும். மறுபடி அறுக்கப்போகிறவருக்குத் தெரியாது. இரண்டு பேருக்கும் நடுவில் பில் பாக்கி நின்றது.

நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைக் கொடுக்க வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளில் இருக்கிறது. தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தில், பில் தகராறைக் காரணம் காட்டி நோயாளியையோ இறந்தவர் உடலையோ பிடித்துவைக்கக் கூடாது என்றும் இருக்கிறது. இதையெல்லாம் பிற்பாடுதான் ஒரு இளம் வக்கீல் எடுத்துக் காட்டினார். அதை வைத்துக்கொண்டு திரும்பவும் போனேன். நான் கேட்டது ஆபரேஷன் குறிப்பு. அவர்கள் எடுத்து நீட்டியது என் கையெழுத்து.

ஆபத்தில் வருகிறவரைத் திருப்பி அனுப்பக் கூடாது, உயிர் காப்பதுதான் முதல் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989லேயே சொல்லிவிட்டது. நல்ல தீர்ப்பு. அது வாசலில் நின்று ஆளை உள்ளே விடுகிறது. ஐந்தாம் நாள் பின்வாசலில் யார் நிற்கிறார்கள்? பக்கத்துப் படுக்கையில் பைக் விபத்தில் அடிபட்ட பையன். அவனுக்கு 'நம்மைக் காக்கும் 48' இருந்தது. 2021 டிசம்பரில் வந்த திட்டம், சாலை விபத்தில் சிக்கினால் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு பார்த்துக்கொள்ளும். நாற்பத்தொன்பதாவது மணியிலிருந்து அவன் அப்பாவும் என்னைப் போலவே செல்போனும் கையுமாக வராண்டாவில் நடந்துகொண்டிருந்தார். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை காப்பீடு என்று எங்களுக்கும் அட்டை கொடுத்திருக்கிறார்கள். அந்த அட்டை என் பையில்தான் இருந்தது. நாங்கள் படுத்திருந்த கட்டடத்தில் அதற்கு மதிப்பில்லை. அட்டை செல்லுகிற இடத்துக்கு எங்களை மாற்றிவிட ஒரு போன், ஒரே ஒரு போன், முதல் மூன்று நாளில் யாராவது போட்டிருக்கலாம். கையில் காசு இருக்கிற வரைக்கும் அந்த யோசனை யாருக்கும் வரவில்லை.

அரசு வார்டில் இருப்பதே வேறு கதை. அங்கே பில் கிடையாது, ஆனாலும் ஆபரேஷன் ஆனவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போகிறார்கள். எங்கள் வரிசையில் ஒரு அம்மா தையல் பிரிக்கும் முன்பே போய்விட்டார். வீட்டில் மாடு கட்டிக்கிடக்கிறது, பேத்தி தனியாக இருக்கிறாள் என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். யாரும் காது கொடுக்கவில்லை. ரவுண்ட்ஸ் வந்த டாக்டர், "படிக்காத ஜனங்க, சொன்னாப் புரியாது" என்றார். புரியாமலா போனார்? மாட்டுக்குத் தண்ணி வைக்க நீங்கள் ஆள் அனுப்புவீர்களா?

டாக்டர்கள் பக்கத்திலும் பயம் இருக்கிறது, மறுக்கவில்லை. 1995இல் உச்ச நீதிமன்றம் மருத்துவத்தையும் நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. கோர்ட்டுக்குப் போக வேண்டிவந்தால் காட்ட ஒரு தாள் வேண்டும். நோயாளி செத்தால் அடிக்க வருகிற கூட்டமும் இருக்கிறது. அந்த இளம் டாக்டர் என் முகத்தைப் பார்க்காததற்கு வெட்கம்கூடக் காரணமாக இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும். உங்கள் பயத்துக்கு நீங்கள் தாள் எழுதிக்கொள்ளுங்கள், அதில் ஏன் என் தம்பியின் வயிற்றை என் தலையில் கட்டுகிறீர்கள்?

தம்பி பிழைத்துவிட்டான். ஆனால் தையல் விட்ட இடம் பலவீனப்பட்டு, இப்போது குடலிறக்கம். நின்றால் வயிறு ஒரு பக்கம் பந்தாகத் துருத்துகிறது, பெல்ட் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இனி மூட்டை தூக்கக் கூடாது. முப்பத்து நான்கு வயதுக்காரனுக்கு வேறு என்ன வேலை தெரியும்? மார்க்கெட் முதலாளி முன்பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்.

கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு கொடுத்தேன். தனியார் ஆஸ்பத்திரிகளைப் பதிவு செய்கிற நலப்பணிகள் இணை இயக்குநருக்கு அனுப்பினார்கள். அவர் ஆபீசில் கிளார்க் கேட்ட முதல் கேள்வி: "கையெழுத்து நீங்க போட்டதுதானேம்மா?"

ஆமாம், நான் போட்டதுதான். மறுக்கவே மாட்டேன். இன்னொருத்தியிடம் வாங்கும்போதாவது ஒன்று செய்யுங்கள். அவள் எவ்வளவு கட்டினாள், எவ்வளவு பாக்கி என்று அந்தத் தாளில் எழுதுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் படுக்கை இருக்கிறதா என்று யாருக்குப் போன் செய்தீர்கள், எத்தனை மணிக்கு, அதையும் எழுதுங்கள். கட்டு நனைந்திருந்தால் நனைந்திருக்கிறது என்று எழுதுங்கள். ஆபரேஷன் குறிப்பை அவள் கையில் கொடுங்கள். அதற்குப் பிறகு பேனாவை நீட்டுங்கள், அவள் போடுவாள்.