சிப்பிப்பாறைக்கு ஓரிடம், புல்டாக்குக்கு வேறிடம்

1958-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பால்டிமோர் நகரம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வகத்தில் நிக்கர்பாக்கர் என்ற மின்பொறியியல் மாணவர், இதயம் தாறுமாறாகத் துடித்துக்கொண்டிருந்த ஒரு நாயின் மார்பில் மின்னதிர்ச்சி கொடுக்கும் கனமான தகடுகளை அழுத்தி வைத்தார். மின்சாரம் பாயும் முன்பே, வெறும் அழுத்தத்துக்கே நாயின் ரத்த அழுத்தம் ஏறியதைக் கருவி காட்டியது. அதுவரை நின்ற இதயத்தை ஓட வைக்க நெஞ்சைத் திறந்து, உள்ளே கைவிட்டுப் பிசைய வேண்டியிருந்தது. வெளியிலிருந்து அழுத்தினாலே போதுமே என்ற எண்ணம் அந்த நாயிடமிருந்துதான் கிடைத்தது. பேராசிரியர் கூவன்ஹோவன், அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஜூட், நிக்கர்பாக்கர் மூவரும் 1960-இல் கட்டுரை வெளியிட்டார்கள். இன்று பள்ளிக்கூடம்வரை வந்துவிட்ட சி.பி.ஆர். பயிற்சிக்கு அதுவே தொடக்கம்.

நாயிடம் கற்றது மனிதரிடம் சீக்கிரமே போய்ச் சேர்ந்தது. நாய்க்குத் திரும்பி வர அரை நூற்றாண்டு பிடித்தது. அத்தனை காலமும் கால்நடை மருத்துவர்கள் மனிதருக்கான விதிகளைப் பார்த்து, அவரவர் அனுபவத்தில் பட்டபடி செய்துவந்தார்கள். டேனியல் ஃபிளெட்சர், மானுவல் போலர் என்ற இரு மருத்துவர்கள் முன்நின்று நடத்திய ‘ரெக்கவர்’ என்னும் முயற்சியில் நூற்றுக்கும் மேற்பட்ட நிபுணர்கள் சேர்ந்து ஆய்வுகளைச் சலித்தெடுத்தார்கள். 2012-இல் நாய், பூனைகளுக்கென்று 101 பரிந்துரைகள் வெளிவந்தன. 2024-இல் அவை புதுப்பிக்கப்பட்டன.

தனி விதிகள் ஏன் தேவை என்பதை நாயின் நெஞ்சைப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். மனிதரின் மார்புக் கூடு ஏறக்குறைய ஒரே அமைப்பு. நாய்களில் அப்படி இல்லை. கிரேஹவுண்டுக்கும் நம் சிப்பிப்பாறைக்கும் நெஞ்சு ஒடுங்கி, ஆழமாக இறங்கியிருக்கும். அவற்றைப் பக்கவாட்டில் கிடத்தி, இதயத்துக்கு நேர்மேலே அழுத்தினால் இதயமே நேரடியாக நசுங்கி ரத்தத்தைத் தள்ளும். லாப்ரடாரின் உருண்ட நெஞ்சில் அந்த அழுத்தம் இதயத்தை எட்டாது. அதற்கு மார்பின் மிக அகன்ற இடத்தில் கை வைக்க வேண்டும். கூடு முழுவதும் அழுந்தி, உள்ளே ஏறும் அழுத்தமே ரத்தத்தை ஓட்டும். அகன்று தட்டையான நெஞ்சுள்ள புல்டாக்கை மனிதரைப் போல மல்லாத்தித்தான் அழுத்துவார்கள். பூனைக்கு ஒரு கையே போதும். நெஞ்சுக்கூட்டைச் சுற்றிப் பிடித்து, கட்டைவிரல் ஒரு பக்கமும் மற்ற விரல்கள் மறுபக்கமுமாக அழுத்த வேண்டும்.

வேகம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்: நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. பக்கவாட்டில் படுத்திருக்கும் பிராணிக்கு நெஞ்சின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை கை இறங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுவதுமாக விரிந்து எழ விட வேண்டும். களைத்த கை நெஞ்சின்மேலேயே சாய்ந்துவிட்டால் இதயத்துக்கு ரத்தம் திரும்பாது. அதனால்தான் 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றுகிறார்கள். மிகச் சரியாக அழுத்தினாலும் இயல்பான ரத்த ஓட்டத்தில் ஏறக்குறைய கால் பங்குதான் கிடைக்கும் என்பதால் நடுவில் நிறுத்துவது ஆபத்து.

இவ்வளவு செய்தும் பிழைப்பவை குறைவு. அமெரிக்கப் பல்கலைக்கழக மருத்துவமனை ஒன்றின் கணக்கு 2009-இல் வெளிவந்தது. இதயம் நின்று சிகிச்சை பெற்ற 161 நாய்களில் 56-க்குத் துடிப்பு திரும்பியது. வீடு போனவை 9. 43 பூனைகளில் 19-க்குத் துடிப்பு திரும்பியது. வீடு போனவை 3. மனிதருக்குப் பெரும்பாலும் நோய் இதயத்திலேயே இருக்கிறது, மின்னதிர்ச்சி கைகொடுக்கிறது. நாய், பூனைகளுக்கோ சிறுநீரகம் கெட்டு, ரத்தத்தில் கிருமி பரவி, அல்லது வண்டியில் அடிபட்டு, கடைசியில்தான் இதயம் நிற்கிறது. அடிப்படை நோய் அப்படியே இருக்கும்போது துடிப்பை மட்டும் மீட்டுத் தக்கவைப்பது கடினம்.

ஒரு நிலையில் மட்டும் இந்தக் கணக்கு அடியோடு மாறுகிறது. மயக்க மருந்தின்போது இதயம் நின்றால், பாதிக்கு நெருக்கமானவை பிழைத்ததாகப் பதிவுகள் உண்டு. கருத்தடைக்கு வந்த ஆரோக்கியமான பிராணியாக இருக்கலாம். மூச்சுக்குழாயில் குழாய், நரம்பில் ஊசி, பக்கத்தில் ஆட்கள் எல்லாம் தயார். மயக்க வாயுவை நிறுத்தி, மாற்று மருந்து கொடுத்து, உடனே அழுத்தத் தொடங்கலாம். மூச்சில் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கருவி இருந்தால் இன்னும் நல்லது. அதில் எண் சட்டென்று ஏறினால், கையை எடுக்காமலே இதயம் திரும்பியதை அறியலாம். காப்பாற்றக்கூடிய உயிர்கள் அதிகம் இருப்பது அறுவை மேசையில்தான். மருத்துவமனைகள் முதலில் கவனிக்க வேண்டியதும் அங்கேதான்.

வெளியிடத்தில் நிலைமை வேறு. 2021 டிசம்பரில் பெரம்பலூர் மாவட்டத்தில், நாய்கள் கடித்து மூச்சற்றுக் கிடந்த குட்டிக் குரங்கின் நெஞ்சை அழுத்தி, வாயோடு வாய் வைத்து ஊதிய கார் ஓட்டுநரின் வீடியோ நாடெங்கும் பரவியது. அந்த மனிதரின் மனசுக்கு ஒரு கும்பிடு. ஆனால் அப்படி ஊதுவதை எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்க முடியாது. வெறிநோய் உள்ள நாட்டில், முன்பின் தெரியாத பிராணியின் எச்சில் வாயில் படுவது உயிருக்கே ஆபத்து. தொற்று அபாயம் இருந்தால் வாய் வைக்க வேண்டாம் என்றே 2024 பரிந்துரைகளும் சொல்கின்றன. முகமூடியும் காற்றுப் பையும் இல்லையென்றால், நெஞ்சை மட்டும் அழுத்திக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு விரையலாம். தடுப்பூசி போட்ட வீட்டு நாய் என்றால், வாயை மூடிப் பிடித்து, 30 அழுத்தத்துக்கு 2 முறை மூக்கு வழியாக ஊதலாம்.

மருத்துவமனைக்குள் தேவைப்படுவது பெரும்பாலும் பணமல்ல, ஒழுங்கு. அவசர மருந்துகள் ஒரே தள்ளுவண்டியில், எடைவாரியாக மருந்தளவு எழுதிய அட்டவணை சுவரில், 6 மாதத்துக்கு ஒருமுறையாவது பொம்மை நாயில் ஒத்திகை. ஒத்திகையில் மருத்துவர் மட்டுமல்ல, உதவியாளரும் இருக்க வேண்டும், ஏனென்றால் பல சமயம் முதலில் பார்ப்பவர் அவர்தான். பிராணியைச் சேர்க்கும்போதே, இதயம் நின்றால் என்ன செய்யலாம் என்று வளர்ப்பவரிடம் கேட்டு எழுதிவைக்கும் வழக்கம் வெளிநாட்டு மருத்துவமனைகளில் உண்டு. பதினைந்து வயதுப் பூனையை வளர்ப்பவர் ‘வேண்டாம், நிம்மதியாகப் போகட்டும்’ என்று சொல்லக்கூடும். அந்தப் பதிலும் கேஸ் ஷீட்டில் ஏற வேண்டும். கருத்தடைக்கு நாயைக் கொண்டுபோகிறவர், மயக்கம் தெளியும்வரை பக்கத்தில் யார் இருப்பார் என்று கேட்டுக்கொள்ளலாம். நல்ல மருத்துவர் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.