ஒன்று வந்தால் மற்றொன்று மறைகிறது

விண்டோஸ் 10இற்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியுடன் முடிவடைந்தது. புதிய பதிப்பை ஏற்கமாட்டாத மடிக்கணினி வைத்திருப்போர் சிலர் லினக்ஸின் பக்கம் திரும்பினர். என் மருமகனும் அவர்களுள் ஒருவன். விண்டோஸைக் கைவிடாது அதனருகே லினக்ஸ் மின்டையும் நிறுவத் துணிந்தவன், மறுநாட் காலை முகம் வாடி வந்தான்.

"மாமா, ஒண்டு வந்தால் மற்றது காணாமற் போகுது. எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுத் திருப்பிப் போடப்போறன்."

காலஞ்சென்ற என் அன்னையாரின் படங்கள் யாவும் அக்கணினியிலேதான் இருந்தன. வேறெங்கும் பிரதியில்லை. "முதலில் கையை எடு" என்றேன்.

கணினியை முடுக்கியதும் முதலில் விழிப்பது விண்டோஸுமன்று, லினக்ஸுமன்று; தாய்ப்பலகையில் உறையும் ஒரு சிறு நிரலேயாம். அதற்கு இருவகை வழக்கங்கள் உண்டு. 'லெகசி' எனப்படும் பழைய வழக்கத்தில், அது வட்டின் தொடக்கத்திலுள்ள சிறு துண்டை வாசித்து அதன்படி நடக்கும். யூ.ஈ.எவ்.ஐ. என்னும் புதிய வழக்கத்திலோ, ஒவ்வோர் இயங்குதளமும் தனக்குரிய தொடக்கக் கோப்பை அதற்கென ஒதுக்கிய பிரிவொன்றில் வைக்கும். அவற்றின் பெயர்ப்பட்டியலைத் தாய்ப்பலகை நினைவில் வைத்திருக்கும். ஒரு வழக்கத்தில் நிறுவியது மற்றதில் தோன்றாது.

நடந்தது இதுவே. பென் டிரைவிலிருந்து கணினி தொடங்க மறுக்கவே, யாரோ கூறியபடி பையன் லெகசிக்கு மாற்றிவிட்டான். விண்டோஸ் புதிய வழக்கத்தில் இருக்க, லினக்ஸ் பழையதில் அமர்ந்தது. இரண்டும் பழுதின்றியே இருந்தன!

'செக்கியூர் பூட்' என்னும் காவலுக்கு அஞ்சியும் பலர் இவ்வாறு மாற்றுவதுண்டு. மின்ட், உபுண்டு ஆகியவற்றின் தொடக்கக் கோப்பு மைக்ரோசொப்ட்டின் கையொப்பத்துடனேயே வருவதால், பெரும்பாலும் அதற்குத் தேவையில்லை. மாற்றத்தான் வேண்டுமெனின், 'பிட்லொக்கர்' பூட்டு உள்ளவர்கள் அதன் 48 இலக்கத் திறவெண்ணை முன்னரே தாளில் எழுதிக்கொள்க. அஃதின்றேல் தம் வீட்டுக்கே தாம் புகமுடியாத நிலை நேரலாம். எங்கள் கணினியில் அப்பூட்டு இருக்கவில்லை.

அமைப்பை மீண்டும் யூ.ஈ.எவ்.ஐ.க்கு மாற்றினோம். தொடக்கப் பட்டியலில் பென் டிரைவின் பெயர் இருமுறை காணப்பட்டது, முன்னே யூ.ஈ.எவ்.ஐ. என்றிருந்ததைத் தெரிந்தோம். மின்ட் நிறுவாமலே பென் டிரைவிலிருந்து இயங்குமாதலால், முதல் வேலையாகப் படங்களை வேறொரு வட்டில் பிரதி செய்தோம். விண்டோஸின் 'விரைவுத் தொடக்கம்' அதனை முற்றாக அணையவிடாது அரைத்தூக்கத்தில் வைத்திருந்தமையால், அப்பிரிவு வாசிக்க மட்டுமே இடந்தந்தது. எங்களுக்கு அதுவே போதுமாயிருந்தது.

பின்னர் இணையத் தொடர்பை ஏற்படுத்தி, மின்டுடனேயே வரும் 'பூட் றிப்பெயார்' என்னுங் கருவியை இயக்கினோம். லினக்ஸின் தொடக்கக் கோப்பை அது புதிய வழக்கத்திற்கேற்ப எழுதித் தந்தது. ஒரு தேநீர் அருந்தும் நேரந்தான் சென்றது.

மறுமுறை முடுக்கியபோது கரிய திரையில் இரு பெயர்களும் ஒன்றன்கீழ் ஒன்றாய் நின்றன. மருமகன் விண்டோஸையே முதலில் திறந்தான், அம்மம்மாவின் படங்கள் அங்கேயும் இருக்கின்றனவா என்று பார்க்க.