பழைய கையேட்டைப் புதுக்கும் முன் எழுதியவரைக் கேட்போம்

பாடத்திட்டம் மாறியதும் நம் ஆசிரியர் வட்டங்களில் ஒரு வேலை தொடங்கிவிடும். யாரோ ஒரு ஆசிரியர் வருடக்கணக்காக உழைத்து எழுதிய கையேட்டை எடுத்து, நீக்கப்பட்ட அலகுகளைக் கழித்து, புதிய வினாக்களைச் சேர்த்து, "திருத்திய பதிப்பு" என்று வாட்ஸ்அப்பில் விடுவார்கள். அடுத்த வாரம் அதே பிடிஎப் அச்சாகிக் கடையில் விலைக்கு வரும். எழுதியவரின் பெயர் மட்டும் அட்டையில் இருக்காது.

"கல்வியைப் பகிர்வது தர்மம்தானே?" என்று கேட்கிறார்கள். தர்மம் நம் சொந்தப் பொருளில் செய்வது. அடுத்தவரின் உழைப்பிலிருந்து கொடுப்பதென்றால் அவருடைய சம்மதம் வேண்டும்.

நம் நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஒரு நூலைப் பிரதி எடுப்பது மட்டுமல்ல, மொழிபெயர்ப்பதும் மாற்றியமைப்பதும் உரிமையாளரின் அனுமதியோடு செய்ய வேண்டியவை. தன் பெயர் நூலில் இருக்க வேண்டும் என்று கோரும் உரிமை எழுத்தாளருக்கு உண்டு. அவர் மர்ஹூம் ஆகிவிட்டாலும் பதிப்புரிமை 70 ஆண்டுகள் தொடர்கிறது. நாம் இருபது பக்கம் சேர்த்தால் அந்த இருபது பக்கம்தான் நம்முடையது.

அதற்காகப் பயந்து ஒதுங்கவும் தேவையில்லை. வகுப்பில் கற்பிப்பதற்காக நியாயமான அளவில் பிரதிகள் எடுப்பதற்குச் சட்டம் இடம் தருகிறது. கருத்துக்கோ சூத்திரத்துக்கோ பதிப்புரிமை இல்லை. அனுமதி கிடைக்காவிட்டால், அதே பாடத்தை நம் சொந்த நடையில், சொந்த உதாரணங்களோடு புதிதாக எழுதலாம். அதை யாரும் தடுக்க முடியாது.

ஆகவே, நாம் ஒரு வழக்கத்தை உருவாக்குவோம். புதுக்கும் முன் எழுதியவரிடம், அவர் இல்லையென்றால் அவருடைய குடும்பத்தாரிடம் கேட்போம். கிடைத்த சம்மதத்தை எழுத்தில் வைத்துக்கொள்வோம். முதல் பக்கத்தில் மூல ஆசிரியரின் பெயரையும் முதற்பதிப்பு ஆண்டையும் போடுவோம். எவை நம் திருத்தங்கள் என்பதைத் தனியாகக் காட்டுவோம். விற்பதாக இருந்தால், அவர்களுக்குரிய பங்கை முன்கூட்டியே பேசி முடிப்போம்.

தமிழ்மொழி மூலத்தில் நல்ல கையேடுகள் போதாது என்று நாமே குறைப்படுகிறோம். எழுதுகிறவரின் பெயரை அழித்துக்கொண்டே போனால், அடுத்த கையேட்டை யார் எழுதுவார்? எழுத்தும் ஒரு அமானிதம்தான்.

உங்கள் பாடசாலையில் இதை எப்படிக் கையாளுகிறீர்கள்? கருத்துகளைப் பகிருங்கள்.