செய்யலாமா, செய்யணுமா? - ஒரு 'மே' புராணம்

ஸ்கூல் படிக்கிற வரைக்கும் எனக்குத் தெரிஞ்ச 'மே' ஒண்ணே ஒண்ணுதான். "மே ஐ கமின் சார்?" சார் தலையாட்டினா உள்ளே, இல்லாட்டி வராண்டா. 1840-கள்ல ஜி.யு.போப் வந்து பாடம் நடத்தின சாயர்புரத்துக்காரனுக்கு இவ்வளவுதான் இங்கிலீஷான்னு கேக்காதீங்க, ப்ளீஸ் :-)

பொட்டி தட்ட வந்த பிறகுதான் வினையே. க்ளையண்ட் கொடுத்த ஆவணத்துல ஒரு வரி: சிஸ்டம் 'மே' செண்ட் அன் அலர்ட். நாங்க 'அனுப்பினாலும் அனுப்பலாம்'னு படிச்சு விட்டுட்டோம். அவர் மனசுல இருந்தது 'அனுப்பியே ஆகணும்'. ரெண்டு சனி, ஞாயிறு ஆணி பிடுங்கினதுதான் மிச்சம்.

இத்தனைக்கும் எங்க துறையில இதுக்கு 1997-லயே ஆர்.எஃப்.சி. 2119-ன்னு ஒரு ஆவணம் இருக்கு. 'மஸ்ட்'னா கட்டாயம். 'ஷுட்'னா தக்க காரணம் இருந்தா மட்டும் விடலாம். 'மே'ன்னா உங்க இஷ்டம்.

இதே 'மே' நாடாளுமன்றத்துலயே மல்லுக்கு நின்ன வார்த்தை தெரியுமா? அரசியல் சட்டம் ஆங்கிலத்துக்குக் கொடுத்த 15 வருஷக் கெடு 1965 ஜனவரி 26-ல முடியுது. அதுக்கு அப்புறமும் ஆங்கிலம் இருக்கட்டும்னு 1963-ல ஆட்சிமொழிச் சட்டம் கொண்டுவந்தாங்க. ஆனா அதுல இந்தியோட ஆங்கிலமும் 'மே' தொடரும்னுதான் இருந்துச்சு. தொடரலாம்னா, தொடராமலும் போகலாமே? இந்த இடத்துல 'மே'யும் 'ஷால்'லும் ஒண்ணுதான்னார் நேரு. ஒண்ணுதான்னா 'ஷால்'னே போட்டுட வேண்டியதுதானேன்னு தி.மு.க. தரப்பு கேட்டது. போடலை.

நேரு மனசார சொல்லியிருப்பார்னே வச்சுக்குவோம். 1964 மே மாசம் அவர் போயிட்டார். சட்டப் புத்தகத்துல இருந்தது அவர் சொன்ன விளக்கம் இல்லை, வெறும் 'மே'. 1965-ல மாணவர்கள் தெருவுக்கு வந்தாங்க, துப்பாக்கிச் சூட்டுல உயிர்கள் போச்சு. 1967-ல திருத்தம் வந்தப்பதான், இந்தியை ஆட்சிமொழியா ஏத்துக்காத மாநிலங்களோட மத்திய அரசு ஆங்கிலத்துலதான் கடிதப் போக்குவரத்து வச்சுக்கணும்னு 'ஷால்' ஏறுச்சு. ஆங்கிலத்தை நிறுத்தணும்னா அந்த மாநிலச் சட்டமன்றங்கள் எல்லாமும், அப்புறம் நாடாளுமன்ற ரெண்டு அவையும் தீர்மானம் போடணும்னும் சேர்த்தாங்க. வேடிக்கை என்னன்னா, பழைய 'மே' இன்னைக்கும் அதே பிரிவோட முதல் வரியில உக்காந்திருக்கு. சுத்தி 'ஷால்' காவலுக்கு நிக்குது, அவ்வளவுதான்.

இங்கிலீஷை மட்டும் குத்தம் சொல்லவும் முடியாது. நம்ம 'லாம்' மட்டும் என்னவாம்? "நீ போகலாம்" அனுமதி. "மழை வரலாம்" சந்தேகம். "வாங்க, சாப்பிடலாம்" அழைப்பு. சின்ன வயசுல சைக்கிள் கேட்டா எங்கப்பா "பாக்கலாம்ல" என்பார். அதுக்கு அர்த்தம் 'கிடையாது'. சைக்கிள் வரவே இல்லை.

வீட்டுல பரவாயில்லை, குரலை வச்சு அர்த்தம் புரிஞ்சுக்கலாம். சட்டத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் குரல் கிடையாது. அங்கே 'லாம்' எப்பவும் அதிகாரம் கையில வச்சிருக்கறவங்க பக்கம்தான் சாயும். வேலை ஒப்பந்தமோ, வீட்டு வாடகைப் பத்திரமோ, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி 'மே' எங்கெங்கே இருக்குன்னு தேடிப் பாருங்க. "ரெண்டும் ஒண்ணுதாங்க"ன்னு எதிராளி சிரிச்சா, நீங்களும் சிரிச்சுக்கிட்டே கேளுங்க: "ஒண்ணுதான்னா மாத்தி எழுதிடலாமே சார்?"

கேக்கலாம் இல்லை, கேக்கணும்.