1979 கோப்பை யாருடையது?

1967ல் பிறந்து 41 சீசன் சியாட்டிலில் ஆடிய அணி சூப்பர்சானிக்ஸ். 1979ல் என்.பி.ஏ. கோப்பையும் வென்றது. ஸ்டார்பக்ஸ் ஹோவர்ட் ஷுல்ட்ஸின் குழு 2001ல் அதை வாங்கியது. அரங்கத்தைப் புதுப்பிக்க மக்கள் வரிப்பணம் கேட்டது, கிடைக்கவில்லை. 2006ல் 35 கோடி டாலருக்கு ஓக்லஹோமாக்காரர் கிளே பென்னட்டின் குழுவிடம் தள்ளிவிட்டது. (காபி விற்கிற மாதிரி!) அரங்க ஒப்பந்தம் முடிய இரண்டு வருடம் இருந்தும், 2008ல் மாநகராட்சிக்கு 4.5 கோடி டாலர் கொடுத்துவிட்டு அணியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சியாட்டிலுக்கு மிஞ்சியது பெயரும் பச்சை-மஞ்சள் நிறமும்தான்.

அதையாவது பொறுக்கலாம். 2025ல் ஓக்லஹோமா சிட்டி தண்டர் ஜெயித்ததும், அது இந்த அணியின் இரண்டாவது கோப்பை என்று என்.பி.ஏ. கணக்கு எழுதியது. முதலாவது? அந்த 1979தான்! நிறுவனத்தை வாங்கினால் நற்பெயரும் சேர்ந்தே வரும் என்பது பி.காம். பாடம், சரி. ஆனால் அந்த நற்பெயரைச் சம்பாதித்துக் கொடுத்தது டிக்கெட் வாங்கிய சியாட்டில் ஜனங்கள் இல்லையா? 1979ல் ஓக்லஹோமா சிட்டியில் என்.பி.ஏ. அணியே கிடையாது சாமி!