சந்தோஷமும் கண்ணீரும்

தந்தையை இழந்து சில நாட் கழித்து வகுப்புக்கு வந்த மாணவன் ஒருவன், பாடம் முடிந்ததும் நம்மிடம் தனியே வந்து நின்றான். கிறித்தவக் குடும்பத்துப் பிள்ளை. "சேர், கடவுளை நம்புகிறவர்கள் எப்பொழுதும் சந்தோஷமாயிருக்க வேண்டுமாம். அம்மா அழுவது விசுவாசக் குறைவென்று செத்தவீட்டுக்கு வந்தவர்கள் சொன்னார்கள். அது சரியா?" என்று வினவினான்.

துக்க வீட்டில் வாய்க்கு வந்ததைச் சொல்லுதல் எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவான நோய். நம் சைவரிலும் அதற்குக் குறைவில்லை. ஆயினும் பிள்ளையின் வினா பெரிது. அன்றிரவு விவிலியத்தை எடுத்து, பவுல் பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தைப் படித்தோம்.

ஆங்கிலத்தில் 'ஹப்பினஸ்' என்னுஞ் சொல்லின் வேர், தற்செயலாய் வாய்க்கும் பேற்றைக் குறிப்பது. பரீட்சையிற் சித்தி, வயலில் விளைச்சல், வீட்டிற் கலியாணம் ஆகியன வாய்த்தால் மகிழ்கின்றோம், வாய்க்காவிடின் வாடுகின்றோம். அதிற் குற்றமில்லை. பவுல் கூறுஞ் சந்தோஷம் இவ்வினத்ததன்று. வாய்ப்புக்களெல்லாம் கைவிட்ட இடத்திலன்றோ அவர் அதனை எழுதினார்! அவர் விலங்கு பூண்டிருந்த சிறை உரோமாபுரியிலுள்ளது என்பது மரபு. எபேசு என்பாரும் உளர். உயிர் தப்புமோ தப்பாதோ என்பதும் அவருக்குத் தெரியாது. அத்தகைய நிலையில் எழுதிய 4 அதிகாரங்களே கொண்ட அச்சிறு நிருபத்தின் கிரேக்க மூலத்தில், சந்தோஷத்தைக் குறிக்குஞ் சொல்லும் அதன் இனச்சொற்களும் 16 முறை வருகின்றன. சூழ்நிலை தந்ததாயின் அது சூழ்நிலையோடு போயிருக்கும். கடவுளோடு கொண்ட உறவில் வேரூன்றியது ஆதலின், சிறைக்குள்ளும் அது நின்றது.

இவ்வளவும் பிரசங்கங்களிற் பலமுறை கேட்டவையே. நம்மை நிறுத்தியது 2ஆம் அதிகாரம். பிலிப்பியர் கொடுத்தனுப்பிய உதவியைச் சுமந்துவந்த எப்பாப்பிரோதீத்து என்பவர் நோயுற்று, சாவின் விளிம்புவரை சென்று மீண்டார். அவர் இறந்திருந்தால் தமக்குத் துக்கத்தின்மேல் துக்கம் வந்திருக்குமென்று பவுல் ஒளியாமற் சொல்லுகின்றார். அவரை ஊருக்கு அனுப்புங்காலும், பிலிப்பியர் மகிழ்வர், தமது துக்கம் குறையும் என்றே எழுதுகின்றார். அற்றுப்போகும் என்று எழுதவில்லை. அடுத்த அதிகாரத்திலோ, கண்ணீரோடு சொல்லுகின்றேன் என்கின்றார். எப்பொழுதுஞ் சந்தோஷமாயிருங்கள் என்று கட்டளையிட்ட கையே இவற்றையும் எழுதியது.

ஆகவே அந்தச் சந்தோஷம் துக்கத்தைத் துரத்திவிட்டு வந்து குடியேறுவதன்று. துக்கத்தோடு ஒரே வீட்டில் இருக்க வல்லது. இயேசுவும் இலாசருவை எழுப்பப் போவதை அறிந்திருந்தும் அவன் கல்லறைக்குச் செல்லும் வழியில் அழுதாரென யோவான் எழுதியுள்ளார். அவருக்கு விசுவாசம் குறைவென்று கூற எவர் துணிவார்?

மறுநாள் அவனை அழைத்து இவ்வளவுஞ் சொன்னோம். அதிகாரத்தின் எண்ணைக் கொப்பியிற் குறித்துக்கொண்டான். "அம்மாவுக்கு வாசித்துக் காட்டுகிறேன், சேர்," என்றான். பின்பு, தந்தை இறந்த நாளிலிருந்து அடக்கி வைத்திருந்ததைத் தானும் அழுது தீர்த்தான்.